ஏடுகள் எரிந்தன, கார்கள் ஓடுகின்றன

1966ஆம் வருஷம், ஈஸ்டர் திங்கட்கிழமை, ஏப்ரல் 11. இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயர் பகுதியில் பாடிங்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் ஏறி இறங்கிய ஒரு பழைய விமானத்தளம். அந்த ஓடுதளத்தில் அன்றைக்கு சான்டா பாட் டிராக் ரேஸ் களம் திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் முதல் நிரந்தர டிராக் ரேஸ் களம் அதுதான்.

மறுநாள் ஏப்ரல் 12 இரவு. பிரிட்டனுக்கு டிராக் ரேஸைக் கொண்டு வந்தவர்களில் முதல் ஆளாகச் சொல்லப்படும் சிட்னி ஆலார்ட், ஈஷரில் தன் வீட்டில் காலமானார். வயது 55. அதே இரவில் லண்டன் கிளாபமில் இருந்த அவருடைய தொழிற்கூடம் தீப்பிடித்து எரிந்தது. கம்பெனியின் ஆவணங்களில் பெரும்பகுதி சாம்பலானது.

சினிமாவில் இப்படி ஒரு காட்சி வைத்தால் "ரொம்ப ஓவர்" என்று சொல்லிவிடுவோம். ஆனால் நடந்தது இதுதான். இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஆலார்ட் கம்பெனி சுமார் 1,900 கார்கள் செய்தது. அவற்றில் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. ஏடுகள் எரிந்த பிறகு, எந்தக் கார் எப்படி இருந்தது என்று இன்றைக்கு எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்வி எனக்கு ஏன் உறைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஆபீஸில் ஒரு சர்வர் செத்துப் போனது. ஏழெட்டு வருஷத்து மூல நிரல் அதில் இருந்தது. பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம், உண்மையில் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் வேலையை விட்டுப் போனவர்களின் பழைய மடிக்கணினி, ஒரு வாடிக்கையாளரிடம் கிடந்த சிடி, ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துப்போன பிரின்ட் அவுட் என்று துண்டு துண்டாகப் பொறுக்கித்தான் மீட்டோம். ஆலார்ட் கார்களின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். அங்கே மடிக்கணினியின் இடத்தில் கார்களே இருந்தன.

யார் இந்த ஆலார்ட்?

சிட்னி ஆலார்ட் 1910இல் பிறந்தவர். லண்டன் பட்னியில் "அட்லார்ட்ஸ்" என்ற ஃபோர்டு கார் விற்பனை நிலையத்தை நடத்தினார். பெயரைக் கவனியுங்கள்: ஆலார்ட், அட்லார்ட்ஸ். வேறு யாரோ வைத்த பெயர் அவர்கள் குடும்பத்துக்குத் தோதாக அமைந்துவிட்டது. 1936இல் அவர் தனக்கென்று ஒரு காரைக் கட்டினார். ஃபோர்டு வி8 எஞ்சின், ஃபோர்டு பாகங்கள், உடம்புக்கு ஒரு புகாட்டி பந்தயக் காரிலிருந்து எடுத்த தகடுகள். அந்தக் காரின் பதிவு எண் சிஎல்கே 5.

அந்தக் காலத்து பிரிட்டனில் "டிரயல்ஸ்" என்ற போட்டி பிரபலம். சேறும் சரளையுமான செங்குத்து மேட்டில் நிற்காமல் ஏற வேண்டும். அதற்கு எடை குறைந்த உடம்பும், கீழ் வேகத்திலேயே இழுக்கிற பெரிய எஞ்சினும் வேண்டும். ஆலார்டின் சூத்திரம் இந்த மேட்டில்தான் பிறந்தது. சின்ன உடம்பு, பெரிய எஞ்சின், பழுது பார்க்க எங்கும் கிடைக்கும் சாதாரண பாகங்கள். கடைசி வரை அவர் இதை மாற்றிக்கொள்ளவில்லை.

போர் முடிந்த பிறகு இரும்புக்குப் பஞ்சம். ஏற்றுமதி செய்பவர்களுக்குத்தான் எஃகு ஒதுக்கீடு. டாலர் கட்டுப்பாடு இருந்ததால் அமெரிக்க எஞ்சின்களை பிரிட்டனுக்குள் இறக்குமதி செய்வதும் கஷ்டம். ஆலார்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். எஞ்சினே இல்லாமல் காரை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். வாங்கியவர் அங்கே தனக்குப் பிடித்த எஞ்சினை மாட்டிக்கொள்ளலாம். கேடிலாக், கிரைஸ்லர், ஓல்ட்ஸ்மொபீல் என்று கைக்கு எட்டியதெல்லாம் ஏறியது.

இப்படி வந்ததில் பெயர் பெற்றது ஜே2. மொத்தம் 90 கார்கள். அடுத்து வந்த ஜே2எக்ஸ் 83 கார்கள். ஜே2வில் கேடிலாக்கின் 5.4 லிட்டர் வி8 எஞ்சின் ஏறினால் 160 குதிரைசக்தி, காரின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. 1950இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் சிட்னி ஆலார்டும் டாம் கோலும் இப்படி ஒரு கேடிலாக் ஜே2வை ஓட்டினார்கள். நடுவில் கீழ் கியர்கள் போய்விட்டன. டாப் கியரை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டி மூன்றாம் இடம் பிடித்தார்கள். 1952 மான்டி கார்லோ ராலியில் தன் பி1 காரில் ஜெயித்தார் சிட்னி. தன் பெயர் கொண்ட காரைத் தானே ஓட்டி அந்த ராலியை வென்றவர் அவர் ஒருவர்தான். அன்று இரண்டாம் இடம் வந்தவர் ஸ்டிர்லிங் மாஸ்.

ஆலார்டின் சுற்றத்தார்

தேடத் தேட, அமெரிக்க வேகக் கார்களின் வரலாற்றில் எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் மறுமுனை ஆலார்டில் முடிகிறது. மூன்று பேரை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஆள் சோரா ஆர்கஸ்-டுன்டோவ். ஃபோர்டின் பழைய வி8 எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில், பிளாக்குக்குள்ளேயே இருக்கும். சூடான புகை வெளியேறும் வழியும் பிளாக்கைக் குடைந்துகொண்டுதான் போகும். அதனால் எஞ்சின் சீக்கிரம் கொதிக்கும், பிளாக்கில் விரிசல் விழும். டுன்டோவும் அவர் தம்பியும் இதற்கு ஒரு மாற்று மருந்து செய்தார்கள். அலுமினிய சிலிண்டர் ஹெட், மேலே வால்வுகள், அரைக்கோள வடிவ எரியறை. ஆர்கஸ், டுன்டோவ் என்ற இரண்டு பெயர்களிலிருந்தும் வெட்டி "ஆர்டன்" என்று பெயர் வைத்தார்கள். லாரிகளுக்காகச் செய்தது அது. லாரிக்காரர்கள் சீண்டவில்லை. ஆலார்ட் சில கார்களில் மாட்டினார், கலிஃபோர்னியாவின் ஹாட் ராட் பையன்கள் தேடித் தேடி மாட்டினார்கள். டுன்டோவ் கொஞ்ச காலம் ஆலார்ட் கம்பெனியிலேயே வேலை பார்த்தார். பிறகு ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து கார்வெட்டை உண்மையான ஸ்போர்ட்ஸ் காராக மாற்றினார்.

இரண்டாவது ஆள் கேரல் ஷெல்பி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கேடிலாக் எஞ்சின் போட்ட ஆலார்டில் பந்தயம் ஓட்டியவர். 1962இல் அவர் செய்த கோப்ராவைப் பாருங்கள்: பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் லேசான உடம்பு, அதற்குள் அமெரிக்க ஃபோர்டு வி8. ஆலார்டின் சூத்திரமேதான். அந்தக் கோப்ராவிலேயே டிராக் ரேஸுக்கென்று "டிராகன்ஸ்நேக்" என்று ஒரு வகையும் வந்தது.

மூன்றாவது ஆள் கர்டிஸ் லெமே. ஜப்பான் நகரங்கள் மீது நெருப்புக் குண்டு போட்ட அதே அமெரிக்கத் தளபதி. அவரிடமும் ஒரு ஆலார்ட் ஜே2 இருந்தது. 1952 முதல் 1954 வரை தன் பொறுப்பில் இருந்த விமானப்படைத் தளங்களை ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களுக்குத் திறந்துவிட்டவர் அவர். அதற்கும் முன்னால், போர்க்காலத்தில், அவருடைய குண்டுவீச்சுப் படைப்பிரிவு இங்கிலாந்தில் செல்வெஸ்டன் என்ற தளத்தில் இருந்தது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

கால் மைல் பைத்தியம்

ஜாகுவார் போன்ற பெரிய கம்பெனிகள் இன்னும் நேர்த்தியான காரை இன்னும் குறைந்த விலைக்குக் கொடுக்க ஆரம்பித்தன. கையால் கட்டுகிற ஆலார்ட் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஐம்பதுகளின் இறுதியில் கார் தயாரிப்பு நின்றது. மனிதர் சும்மா உட்காரவில்லை. அவர் பார்வை டிராக் ரேஸ் பக்கம் திரும்பியது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டிராக் ரேஸில் வளைவே கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்க்கோட்டில் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் ஓட வேண்டும். முதலில் போனவர் ஜெயித்தார். தெற்குக் கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்த இளைஞர்கள்தான் இதற்கு மூலம். 1950இல் சான்டா அனா விமான நிலையத்தில் முறையாகப் போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார்.

1961இல் சிட்னி தன் பட்டறையில் ஒரு டிராக்ஸ்டர் கட்டினார். நீண்ட குழாய்ச் சட்டகம், சூப்பர்சார்ஜர் வைத்த 5.8 லிட்டர் கிரைஸ்லர் வி8, பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிற மாதிரி ஓட்டுநர் இருக்கை. ஐம்பது வயதைத் தாண்டியவர் தானே அதில் ஏறி உட்கார்ந்து ஓட்டினார். இதுதான் ஐரோப்பாவில் கட்டப்பட்ட முதல் டிராக்ஸ்டர் என்கிறார்கள்.

1964இல் அமெரிக்காவிலிருந்து டான் கார்லிட்ஸ், டாமி ஐவோ உள்ளிட்ட ஒரு பெரிய அணியே பிரிட்டனுக்கு வந்தது. டிராக் ஃபெஸ்டிவல் என்ற பெயரில் ஊர் ஊராகப் பழைய விமானத்தளங்களில் போட்டிகள் நடந்தன. அதை நடத்தியதில் முன்னின்றவர் சிட்னி. பிளாக்புஷ் தளத்தில் தொடங்கிய அந்தச் சுற்றில் செல்வெஸ்டனும் ஒரு களம். லெமேயின் விமானங்கள் கிளம்பிய அதே செல்வெஸ்டன்! இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை எனக்கு.

அந்தத் திருவிழாவின் சூடு ஆறுவதற்குள் சான்டா பாட் வந்தது. அதற்கு மறுநாள் நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

காரே ஏடு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். தொழிற்சாலையின் ஏடு எரிந்துவிட்டது. ஆனால் 1951லேயே ஆலார்ட் உரிமையாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். தீக்குப் பதினைந்து வருஷம் முன்னால்! பழைய காரைக் காப்பாற்ற அல்ல, புதுக் காரைக் கொண்டாட ஆரம்பித்த சங்கம். சாசி எண் என்ன, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த எஞ்சின் ஏறியது என்ற விவரங்களெல்லாம் இப்படிப்பட்ட ஆட்களின் கடிதங்களிலும் புகைப்படங்களிலும் கராஜ் அலமாரிகளிலும் சிதறிக் கிடந்தன. ஒரே இடத்தில் இல்லாததால்தான் பிழைத்தன.

சாதாரண கம்பெனி காருக்கு இந்தப் பிரச்சினை பெரிதல்ல. ஒரு கார் தொலைந்தால் அதே மாதிரி ஆயிரம் கார் இருக்கும். ஆலார்டில் எஞ்சினே வாங்குபவர் கையில் மாட்டப்பட்டது. எஞ்சினைத் தாங்குகிற பிடிமானம், ரேடியேட்டருக்குப் போகும் குழாய், கியர்பாக்ஸோடு சேர்க்கிற தகடு என எல்லாம் அந்தந்த ஊர் மெக்கானிக் அன்றைக்கு யோசித்துச் செய்தவை. அதற்குத் தொழிற்சாலை வரைபடம் என்று ஒன்று எப்போதுமே கிடையாது. சாசியில் கிடக்கிற ஒரு பழைய துளை, "இங்கே முன்பு வேறு எஞ்சின் இருந்தது" என்று சொல்லும். அதை அழகாக வெல்டிங் வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்தால் ஒரு பக்கத்தைக் கிழித்த மாதிரி. விவரம் தெரிந்த உரிமையாளர்கள் ஒரு காரைப் பிரிக்கும்போது சுரண்டுவதற்கு முன்னால் படம் எடுக்கிறார்கள், அளவு குறிக்கிறார்கள், பெயின்ட் அடுக்குகளை எண்ணுகிறார்கள். தொல்லியல்காரர்கள் குழி தோண்டுகிற அதே பொறுமை.

ஓடவைப்பது தனிப் பாடு. அந்த ஃபோர்டு எஞ்சினின் கொதிப்பு இன்னும் தீரவில்லை. எழுபது வருஷத்துத் துருவும் வார்ப்பு மணலும் பிளாக்குக்குள் நீர் போகும் பாதையில் அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கழுவி எடுத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காந்தத் துகள் போட்டுச் சோதித்து, பிறகுதான் கை வைக்க முடியும். முன் அச்சு ஒரு வேடிக்கை. ஃபோர்டின் ஒற்றை அச்சை நடுவில் அறுத்து இரண்டாக்கி, நடுவில் கீல் வைத்துத் தொங்கவிட்டது. வண்டி சீறிக் கிளம்பி முன்பக்கம் தூக்கும்போது சக்கரங்கள் சப்பணம் போட்ட கால் மாதிரி சாயும். பிரேக்கோ டிரம் பிரேக். இன்றைய டயரை மாட்டினால் பிடிப்பு அதிகமாகி, அன்றைய உலோகம் தாங்காத இடத்தில் முறியும். ஆகவே டயர் தேர்விலிருந்தே எச்சரிக்கை வேண்டும். பழைய ஃபோர்டு பாகங்கள் பலவும் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன, ஏனென்றால் அந்த வி8 லட்சக்கணக்கில் ஓடிய எஞ்சின். எங்கும் கிடைக்கும் பாகத்தை வைத்துக் கட்டு என்ற சிட்னியின் சூத்திரம் அவர் போன பிறகும் அவர் கார்களுக்குச் சோறு போடுகிறது.

ஓட்டலாமா, பூட்டி வைக்கலாமா?

இதில் ஒரு பெரிய சண்டை உண்டு. பழைய பந்தயக் காரை ஓட்டுவது சரியா?

கூடாது என்பவர்களின் வாதம் வலுவானது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அசல் உலோகம் கொஞ்சம் தேயும். ஒரு பாகம் உடைந்தால் புதிது போட வேண்டும். இருபது வருஷம் ஓட்டினால் அசல் என்று என்ன மிஞ்சும்? எங்கள் துறை மொழியில் சொன்னால், இந்த ஏட்டைப் படித்தாலே அது திருத்தி எழுதப்படும். கூடவே பணமும் சேர்ந்துவிட்டது. ஜே2 போன்ற அரிய கார்கள் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. ஒரு சாசித் துண்டையும் ஒரு எண் தகட்டையும் வைத்துக்கொண்டு அதைச் சுற்றி முழுக் காரையே புதிதாகக் கட்டி "அசல்" என்று விற்கிற ஆசை எந்த அரிய காரையும் சுற்றி வரும். தொழிற்சாலை ஏடு பெரும்பாலும் எரிந்துபோன ஒரு கம்பெனியின் காருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அங்கே சாட்சி சொல்ல உரிமையாளர்கள் சேர்த்து வைத்த குறிப்புகள்தான் உண்டு.

ஓட்ட வேண்டும் என்பவர்களின் வாதம் எனக்கு ஊர்த் தேரை ஞாபகப்படுத்தியது. தேரில் அச்சு மாற்றுவார்கள், சக்கரம் மாற்றுவார்கள், வடம் மாற்றுவார்கள். யாரும் அதை வேறு தேர் என்று சொல்வதில்லை. ஓடாமல் நிலையிலேயே நின்ற தேரைக் கறையான் தின்றதைத்தான் பார்த்திருக்கிறோம். எஞ்சினும் அப்படியே. ஓடாமல் நின்றால் சீல் காய்ந்து வெடிக்கும், பெட்ரோல் பிசினாகும், பேரிங்கில் துரு ஏறும்.

உலோகத்தைவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பது கைப்பழக்கம். அந்தக் காலத்து டிராக்ஸ்டர்களைப் பின்னாலிருந்து இன்னொரு வண்டியால் தள்ளித்தான் கிளப்புவார்கள். எந்த வேகம் வந்ததும் இக்னிஷனைப் போடுவது, எரிபொருளை எப்போது திறப்பது, எந்தச் சத்தம் கேட்டால் உடனே அணைப்பது என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் முழுசாக எழுதப்படவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும் செய்தவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சிட்னியின் டிராக்ஸ்டர் இந்தச் சண்டைக்கு ஒரு நல்ல தீர்ப்பு என்று நினைக்கிறேன். அது பியூலியில் உள்ள தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தின் கைக்குப் போய், பல காலம் சத்தமில்லாமல் இருந்தது. அதை உயிர்ப்பிக்கவென்றே ஆர்வலர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். தானும் டிராக் ரேஸ் ஓட்டிய சிட்னியின் மகன் ஆலன் ஆலார்டும் அதில் துணை நின்றார். மெல்ல மெல்ல வேலை நடந்து, சான்டா பாடில் நடக்கும் பழைய டிராக் கார்களின் விழாவில் அந்த கிரைஸ்லர் எஞ்சின் மறுபடி முழங்கியது. அதை வைத்துப் போட்டி போட்டு நேரத்தை முறியடிக்கப் போவதில்லை. கிளப்பி, முழங்கவிட்டு, அணைப்பார்கள். அசல் உலோகம் அதிகம் தேயாது, கிளப்பத் தெரிந்த கை அடுத்த ஆளுக்குப் போய்ச் சேரும்.

எதற்காக அந்தக் களம் திறந்ததோ அதைச் சிட்னி அங்கே ஓட்டிப் பார்க்க முடியவில்லை. அவர் கட்டிய எஞ்சின் அங்கே கேட்டது. எனக்கு இதுபோதும்.

எழுபதும் எண்பதும் வயதான உரிமையாளர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கராஜ்களில் உள்ள அட்டைப்பெட்டிகள் குப்பை மாதிரிதான் தெரியும். காரை நல்ல விலைக்கு விற்றுவிடுவார்கள். பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போகும். அதுதான் இரண்டாவது தீ. புகை வராது என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இது ஆலார்டுக்கு மட்டும் உள்ள ஆபத்து இல்லை. பழைய பொருள் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிற எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

செத்துப் போன அந்த சர்வரைச் சொன்னேனே, அதை மீட்டபோது எங்களுக்கு மிகவும் உதவியது அந்த பிரின்ட் அவுட்தான். ஓரத்தில் பேனாவால் யாரோ எழுதிய குறிப்புகள் இருந்தன: "இதை மாற்றாதே, மாற்றினால் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்." அந்த ஒரு வரி நிரலில் எங்கேயும் கிடையாது. உங்கள் வீட்டில் பழைய வண்டி, பழைய கேமரா, பழைய தறி எதுவாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதை ஓட்டத் தெரிந்தவர் பக்கத்தில் ஒரு நோட்டோடு ஒரு சாயங்காலம் உட்காருங்கள். நானும் இந்த ஞாயிற்றுக்கிழமை உட்காரப் போகிறேன். அப்பாவின் ஸ்கூட்டர் காலையில் எத்தனை உதைக்கு, எந்தப் பக்கம் சாய்த்தால் கிளம்பும் என்பது இன்னும் அவருக்கு மட்டும்தான் தெரியும்.